சின்ன மந்திரியின் கையெழுத்து

இங்கிலாந்தில் கிராமத்துத் தபால் ஆபீஸ் எப்படி இருக்கும் தெரியுமா? தனிக் கட்டிடம், சிவப்புப் பலகை, வாசலில் சைக்கிள் என்று நினைத்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு பலசரக்குக் கடையின் மூலையில் இருக்கும். முன்பக்கம் ரொட்டி, பால், முட்டை, பத்திரிகை. உள்ளே ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் தபால் தலை, மணியார்டர், முதியோர் பென்ஷன். கடைக்காரரே சப் போஸ்ட்மாஸ்டர். மனைவி ரொட்டி விற்பார். புருஷன் தபால் தலை விற்பார். மாடியில் குடித்தனம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கடையை வாங்கியிருப்பார்கள்.

சாயங்காலம் கடையை அடைத்துவிட்டுக் கணக்குப் பார்க்க உட்கார்கிறார் கடைக்காரர். கல்லாவில் உள்ள பணத்தை எண்ணுகிறார். கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். 2,000 பவுன் துண்டு விழுகிறது! (பவுன் என்பது அங்குள்ள நாணயம். நம் ஊர்த் தங்கப் பவுன் என்று எண்ண வேண்டாம்.) மறுபடி எண்ணுகிறார். மறுபடியும் துண்டு விழுகிறது. உதவிக்கென்று ஒரு டெலிபோன் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். கூப்பிடுகிறார். "இந்தப் பொத்தானை அமுக்குங்கள்" என்கிறார்கள். ஒரு பெண்மணி அப்படி அமுக்கியபோது, கண்ணெதிரிலேயே பற்றாக்குறை இரண்டு மடங்காகிவிட்டது.

இப்படி ஒருவருக்கு இருவருக்கு நடக்கவில்லை. ஆயிரக்கணக்கான கடைகளில் நடந்தது. 1999 முதல் 2015 வரை 900 பேருக்கும் மேல் திருடர்கள், பொய்க் கணக்கு எழுதியவர்கள் என்று கோர்ட்டில் தண்டனை பெற்றார்கள். 200க்கும் மேற்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். திருடியது யார்? யாரும் இல்லை. கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டது.

இந்தக் கதையை இங்கிலாந்துப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. நாம் இங்கே பார்க்கப் போவது அதில் ஓர் ஓரத்தில் நிற்கும் ஒரு மனிதரை. அவர்தான் வியாபார இலாகாவின் சின்ன மந்திரி.

பெரிய மந்திரி, சின்ன மந்திரி

லண்டனில் மந்திரிகளுக்கு மூன்று படி உண்டு. மேல் படியில் இருப்பவர் இலாகாவின் தலைவர். அவர்தான் காபினெட்டில் உட்காருகிறவர். அவருக்குக் கீழே ராஜாங்க மந்திரி. அதற்கும் கீழே பார்லிமெண்டு உப மந்திரி. டெல்லியில் முன்பு ராஜாங்க மந்திரி என்றும், இப்போது இணை அமைச்சர் என்றும் சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரி. காபினெட்டில் இருபது சொச்சம் பேர்தான். ஆனால் 1975ஆம் வருஷத்துச் சட்டப்படி காமன்ஸ் சபையில் மட்டும் 95 மந்திரிகள் வரை இருக்கலாம். மற்ற எல்லோரும் சின்ன மந்திரிகளே.

கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஊர்ப் பெரியவர்களோடு பேசுவார். வயலுக்குப் போவதும், வாய்க்கால் சண்டைக்குப் போவதும், கடன்காரனுக்குப் பதில் சொல்வதும் தம்பி. சின்ன மந்திரி அந்தத் தம்பிதான்.

அவருடைய நாள் எப்படிப் போகும்? காலையில் ஒரு தொழிற்சாலையைத் திறந்து வைப்பார். மத்தியானம் பார்லிமெண்டு கமிட்டியில், யாரும் படிக்காத ஒரு விதியின் நாலாவது உட்பிரிவை விளக்குவார். ராத்திரி சபை கலையும் நேரத்தில் ஒரு மெம்பர் எழுந்து, "என் தொகுதியில் இன்ன ஆலை மூடப்படுகிறதே" என்பார். காலி பெஞ்சுகளுக்கு நடுவில் எழுந்து பதில் சொல்வது சின்ன மந்திரி. அப்புறம் வீட்டுக்குப் போகும்போது கூடவே ஒரு சிவப்புத் தோல் பெட்டி போகும். பெட்டி நிறையக் காகிதங்கள். அதில் ஒரு கட்டு கடிதங்கள். கடிதங்களுக்கு அதிகாரிகள் பதிலும் எழுதி வைத்திருப்பார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவருக்கும் அப்படியே. வெற்றி வந்தால் பெரிய மந்திரிக்கு மாலை, தொல்லை வந்தால் "சம்பந்தப்பட்ட உப மந்திரி எங்கே?" என்று தேடுவார்கள்.

இதனால் இது வெறும் அலங்காரப் பதவி என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியில்லை என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

மூட்டைகளை ஆண்டவர்

1841ஆம் வருஷம். சர் ராபர்ட் பீல் பிரதம மந்திரி ஆனார். அவருடைய கட்சியில் கிளாட்ஸ்டன் என்ற இளைஞர் இருந்தார். வயது 31. நல்ல படிப்பு, நல்ல பேச்சு, மத விஷயங்களில் ஆழ்ந்த நாட்டம். பெரிய பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது வர்த்தக போர்டின் உப தலைவர் பதவி. அதாவது வியாபார இலாகாவின் சின்ன மந்திரி. மனிதர்களை ஆள நினைத்தேன், என்னைச் சரக்கு மூட்டைகளை ஆள அனுப்பிவிட்டார்களே என்று அவர் மனம் நொந்தார்.

நொந்தாலும் சும்மா இருக்கவில்லை. வியாபாரத்தைப் பற்றி அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து படித்தார். எந்தச் சரக்குக்கு எவ்வளவு சுங்க வரி, யார் கட்டுகிறார், யாருக்கு நஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1842ல் சுமார் 750 சாமான்களின் சுங்க வரி குறைக்கப்பட்டது. அந்தப் பட்டியலின் நுணுக்க வேலைகளைச் செய்தவர் இந்தச் சின்ன மந்திரி. அவருடைய மேல் மந்திரி பிரபுக்கள் சபையில் இருந்ததால், காமன்ஸ் சபையில் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் இவர் தலையிலேயே விழுந்தது.

1843ல் அந்த இலாகாவுக்கே தலைவரானார். மறு வருஷம் ஒரு ரயில்வே சட்டம் கொண்டு வந்தார். அந்த நாளில் ஏழைகள் கூரை இல்லாத வண்டிகளில், மழையில் நனைந்துகொண்டு போனார்கள். இனிப் புது ரயில் கம்பெனிகள் தினம் ஒரு வண்டியாவது ஏழைகளுக்காக விட வேண்டும். மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது. மணிக்கு 12 மைலுக்குக் குறையாமல் ஓட வேண்டும். மேலே கூரை இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. இதே கிளாட்ஸ்டன் பின்னாளில் நாலு தடவை பிரதம மந்திரியாக இருந்தார்.

அவர் எதில் வென்றார் என்று பாருங்கள். கேள்வி கேட்பதில் வென்றார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குத் திரும்புவோம்.

தானே போலீஸ், தானே வக்கீல்

இங்கிலாந்தின் தபால் ஆபீஸ் கம்பெனி முழுக்க முழுக்க சர்க்கார் சொத்து. ஆனால் அதை ஒரு கம்பெனியாக, தனி நிர்வாகிகள் நடத்துகிறார்கள். 1999ல் அது கடைகளில் கம்ப்யூட்டர் வைக்கத் தொடங்கிற்று. அதற்கு 'ஹொரைசன்' என்று பெயர். தொடுவானம் என்று அர்த்தம். பெயர் என்னவோ அழகுதான். நடத்தியது பியூஜித்சு என்ற ஜப்பானியக் கம்பெனியின் இங்கிலாந்துக் கிளை.

கடைக்காரரோடு தபால் ஆபீஸ் செய்துகொண்ட ஒப்பந்தம் கடுமையானது. கணக்கில் துண்டு விழுந்தால் கடைக்காரர் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றே நிர்வாகம் அதற்கு அர்த்தம் செய்தது. கட்டாவிட்டால் கேஸ். இதிலே ஒரு விசித்திரம். அந்த நாட்டுச் சட்டப்படி தபால் ஆபீஸ் போலீசைக் கூப்பிடாமலே தானே குற்றம் சாட்டலாம். பணம் போயிற்று என்று சொல்வதும் அவர்கள். துப்பு விசாரிப்பதும் அவர்கள். கோர்ட்டில் வக்கீல் வைத்து வாதாடுவதும் அவர்கள். கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். தப்பு என்று காட்ட வேண்டியது குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ரொட்டிக் கடைக்காரர். அவருக்குக் கம்ப்யூட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று என்ன தெரியும்?

"பொய்க் கணக்கு எழுதினேன் என்று ஒப்புக்கொள், திருட்டுக் கேசை விட்டுவிடுகிறோம்" என்றார்கள் சிலரிடம். ஜெயிலுக்குப் பயந்து ஒப்புக்கொண்டார்கள். வீட்டை அடமானம் வைத்தார்கள். தாய் தகப்பனிடம் கடன் வாங்கினார்கள். ஊரார் அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் "திருடன் மகன்" என்றார்கள்.

இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் போய்க் குடியேறிய நம்மவர்கள் பலர் இப்படிப்பட்ட கடைகளை நடத்துகிறவர்கள். அவர்களும் அகப்பட்டார்கள். தபால் ஆபீஸ் துப்பறிவாளர்களின் படிவம் ஒன்றில் சந்தேகப்பட்டவர்களை நிறத்தையும் இனத்தையும் வைத்துப் பிரித்து எழுதும் பட்டியல் இருந்தது 2023ல் வெளியே வந்தது. தபால் ஆபீஸ் அதற்கு மன்னிப்புக் கேட்டது.

மே மாதத்துக் கடிதம்

வேல்ஸ் நாட்டின் கடற்கரை ஊர் லாண்டுட்னோ. அங்கே ஆலன் பேட்ஸ் என்பவர் 1998ல் ஒரு தபால் கடையை எடுத்தார். அவர் கணக்கிலும் துண்டு விழுந்தது. "உங்கள் கம்ப்யூட்டர் சொல்கிறது என்பதற்காக நான் கட்ட முடியாது, எப்படி வந்தது என்று காட்டுங்கள்" என்று பிடிவாதமாக நின்றார். 2003ல் அவருடைய ஒப்பந்தத்தை ரத்துச் செய்துவிட்டார்கள். கடையில் போட்ட முதல் போயிற்று.

"நீங்கள் ஒருவர்தான் இப்படிச் சொல்கிறீர்கள்" என்று தபால் ஆபீஸ் ஒவ்வொருவரிடமும் சொல்லி வந்தது. 2009ல் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை ஏழு பேருடைய கதையை வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில், பென்னி காம்ப்டன் என்ற கிராமத்துப் பொது மண்டபத்தில் பேட்ஸ் ஒரு கூட்டம் கூட்டினார். பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் ஒருவர் கதையை ஒருவர் கேட்டு அசந்துபோனார்கள். எல்லாம் ஒரே கதை!

2010 மே மாதம் புது ஆட்சி வந்தது. வியாபார இலாகாவின் உப மந்திரியாக எட் டேவி என்பவர் பதவி ஏற்றார். தொழிலாளர் சட்டம், நுகர்வோர் விஷயம், தபால் மூன்றும் அவர் பொறுப்பு. பேட்ஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். கம்ப்யூட்டர் தப்பு, எங்களை ஒரு தடவை சந்தியுங்கள் என்று கேட்டார்.

பதில் வந்தது. தபால் ஆபீசின் அன்றாட நிர்வாகத்தில் சர்க்கார் தலையிடுவதில்லை, எட்டி நின்றே பார்க்கிறது. ஆகையால் சந்திப்பதால் பயன் ஒன்றும் இருக்காது என்பது அதன் சாரம். கீழே மந்திரியின் கையெழுத்து.

பேட்ஸ் விடவில்லை. உங்கள் பதில் மனதைப் புண்படுத்துகிறது என்று திரும்ப எழுதினார். அக்டோபரில் டேவி அவரைச் சந்தித்தார். விஷயத்தை அதிகாரிகளிடம் கேட்டார். அதிகாரிகள் தபால் ஆபீசைக் கேட்டார்கள். தபால் ஆபீஸ், "கம்ப்யூட்டர் கெட்டியாக இருக்கிறது" என்றது. ஃபைல் மூடப்பட்டது. அடுத்த மாதம், நம் நாட்டிலிருந்து போய்க் குடியேறிய ஒரு பெண், வயிற்றில் பிள்ளையோடு ஜெயிலுக்குப் போனார். பத்து வருஷத்துக்குப் பிறகு அப்பீல் கோர்ட்டு அவரை நிரபராதி என்றது.

நரியிடம் விசாரணை

எட் டேவியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் அந்தச் சமயம், கடிதப் பட்டுவாடா செய்யும் ராயல் மெயில் கம்பெனியைத் தனியாருக்கு விற்க வழி செய்யும் மசோதாவில் மூழ்கியிருந்தார். பதிலை எழுதியவர்கள் அதிகாரிகள். 2024 ஜூலையில் விசாரணைக் கமிஷன் முன்னால் நின்று பேட்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். தபால் ஆபீஸ் தம்மிடம் பொய் சொல்லிவிட்டது என்றும் சொன்னார். அது உண்மை. அவருக்கு முன்னாலும் பின்னாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும் அதே பொய்தான் கிடைத்தது.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. கூட்டில் கோழி குறைகிறது என்று ஒருவன் வந்து முறையிடுகிறான். நீங்கள் நரியைக் கூப்பிட்டு, "கோழி குறைகிறதா?" என்று கேட்கிறீர்கள். நரி, "இல்லை ஐயா, எண்ணிக்கை சரியாக இருக்கிறது" என்கிறது. உடனே முறையிட்டவனுக்கு, "எண்ணிக்கை சரியாக இருக்கிறது" என்று எழுதிப் போடுகிறீர்கள். இது விசாரணையா? நரி பொய் சொன்னது நரியின் குற்றம். வேறு யாரையும் கேட்காமல் விட்டது யார் குற்றம்?

அதற்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஊரில் நல்ல பெயர் எடுத்தவர்கள், அதுவரை போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காதவர்கள். நாட்டின் நாலு மூலையிலும் இத்தனை பேர் ஒரே சமயத்தில் எப்படித் திருடர்கள் ஆனார்கள்? புது மிஷின் வந்த பிறகுதானே ஆனார்கள்? இதைக் கேட்க ஒரு மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையின் புத்தி போதும்.

இன்னொரு தொல்லை, நாற்காலி நிலைக்காதது. 2010 மே முதல் 2015 மே வரை தபால் பொறுப்பை நாலு பேர் பார்த்தார்கள். டேவி, நார்மன் லாம், ஜோ ஸ்வின்சன், அவர் பிரசவ விடுப்பில் போனபோது ஜென்னி வில்லட். இதில் லாம் இருந்தது ஏழு மாதம். புதிதாக வருகிறவருக்குப் பழைய கடிதங்கள் தெரியாது. தெரிந்தவர்கள் அதிகாரிகள். ஆகவே அதிகாரி சொல்வதே வேதம்.

2012ல் ஜேம்ஸ் அர்பத்நாட் என்ற எம்.பி.யும் அவரோடு சேர்ந்தவர்களும் நெருக்கியதால், தபால் ஆபீஸ் வெளியிலிருந்து கணக்கு நிபுணர்களைக் கொண்டுவந்தது. 2013 ஜூலையில் அவர்களுடைய இடைக்கால அறிக்கை வந்தது. அமைப்பு முழுவதையும் பாதிக்கும் கோளாறுக்கு இதுவரை அத்தாட்சி கிடைக்கவில்லை என்று அதில் ஒரு வரி. 76 கடைகளைப் பாதித்த கோளாறுகள் இருந்ததைத் தபால் ஆபீசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று இன்னொரு வரி. தபால் ஆபீஸ் முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிற்று. 2015 மார்ச்சில் அந்த நிபுணர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கேட்ட ஒரு சீமாட்டி

கேட்டவர் ஒருவரும் இல்லையா? இருந்தார். 2015 மே மாதம் அந்தப் பதவிக்கு லூசி நெவில் ரோல்ப் சீமாட்டி வந்தார். பிரபுக்கள் சபை மெம்பர். அதற்கு முன்பு சர்க்கார் அதிகாரியாக இருந்தவர். 'டெஸ்கோ' என்ற பெரிய கடைக் கம்பெனியில் டைரக்டராகவும் இருந்தவர். அதிகாரிகள் பதில் எழுதும் விதமும் அவருக்குத் தெரியும். கடைக் கல்லாவும் தெரியும்.

எம்.பி.க்கள் வந்து முறையிட்டதைக் காது கொடுத்துக் கேட்டார். இலாகா சொன்ன சமாதானத்தில் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. தபால் ஆபீசுக்குப் புதுத் தலைவராக வரவிருந்த டிம் பார்க்கருக்கு 2015 செப்டம்பரில் கடிதம் எழுதினார். வந்ததும் முதல் காரியமாக இந்த விஷயத்தைப் புதுக் கண்ணோடு பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். மாதங்கள் தள்ளியும், ஒரு சின்ன மந்திரி தாமே ஒரு கடிதம் எழுதிவிட்டார்!

பலன்? ஒரு மூத்த வக்கீல் ஆராய்ந்து 2016 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். இன்னும் துருவிப் பார்க்க வேண்டிய விஷயங்கள் உண்டு என்று அதில் கண்டிருந்தது. மந்திரிக்கு அதன் சுருக்கம்தான் கடிதமாக வந்தது. முழு அறிக்கை வரவில்லை. 2016 ஜூலையில் புதுப் பிரதம மந்திரி வந்தார், மந்திரிகள் மாறினார்கள், தபால் பொறுப்பும் சீமாட்டியின் கையை விட்டுப் போயிற்று. அதற்குள் கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டதால், "விஷயம் கோர்ட்டில் இருக்கிறது" என்று சொல்லி அறிக்கையின் யோசனைகளையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! சீமாட்டியைப் பார்த்தால் எனக்கு அனுதாபமும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. முழு அறிக்கையைக் கையில் வாங்காமல் விட்டாரே என்பது ஆத்திரம். மற்றவர்கள் தட்டாத கதவை அவராவது தட்டினாரே என்பது அனுதாபம்.

நாலு நாள் நாடகம்

கடைசியில் கதவை உடைத்தவர்கள் கடைக்காரர்களே. பேட்ஸும் மற்றவர்களுமாக 555 பேர் சேர்ந்து தபால் ஆபீஸ் மேல் வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர், ஹொரைசன் கம்ப்யூட்டரில் பிழைகளும் கோளாறுகளும் இருந்தன என்று தீர்ப்பு எழுதினார். தபால் ஆபீஸ் சுமார் 5 கோடியே 80 லட்சம் பவுன் கொடுத்து ராஜி செய்துகொண்டது. வழக்குச் செலவுக்குப் பணம் போட்டவர்களுக்கும் வக்கீல்களுக்கும் போக, 555 பேருக்குப் பங்கு வைக்க மிஞ்சியது ஏறக்குறைய ஒரு கோடியே 20 லட்சம். ஆளுக்குக் கிடைத்ததைக் கணக்குப் பார்த்தால் பலருக்குப் பட்ட கடனுக்கே காணாது.

2021 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு ஒரே நாளில் 39 பேருடைய தண்டனையை ரத்துச் செய்தது. ஆனால் மீதிப் பேர்? நூற்றுக்கணக்கானவர்கள் பயந்து வெளியே வரவே இல்லை. மறுபடி கோர்ட்டுப் படி ஏறச் சொன்னால் யார் ஏறுவார்?

2022 அக்டோபரில் கெவின் ஹாலின்ரேக் என்பவர் சின்ன வியாபாரிகளின் மந்திரியாக வந்தார். சொந்தமாக வீடு விற்கும் தரகு வியாபாரம் நடத்தியவர். பாங்குகளிடம் ஏமாந்த சின்ன வியாபாரிகளுக்காகப் பார்லிமெண்டில் போராடியவர். தண்டனை ரத்தான ஒவ்வொருவருக்கும், விரும்பினால் 6 லட்சம் பவுன் உடனே தருகிறோம் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார். ஒவ்வொருவரும் ரசீதும் சாட்சியும் காட்டி ஆண்டுக் கணக்கில் காத்திருப்பதை அது சுருக்கிற்று. வியாபாரம் தெரிந்தவர் கைக்கு வந்தால் காரியம் எப்படி நடக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

ஆனாலும் நாட்டை உலுக்கியது மந்திரியின் அறிவிப்பு என்று சொல்ல மாட்டேன். 2024 ஜனவரி 1ந் தேதி முதல் நாலு நாள் ராத்திரி, பேட்ஸின் கதை டெலிவிஷனில் நாடகமாக வந்தது. ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். தபால் ஆபீசின் முன்னாள் தலைமை நிர்வாகிக்குக் கொடுத்த பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்று பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அவரே அதைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். 10ந் தேதி பிரதம மந்திரி ரிஷி சுனக் பார்லிமெண்டில் எழுந்து, சட்டம் போட்டே எல்லோரையும் விடுவிக்கிறோம் என்றார். மே 24ந் தேதி சட்டம் நிறைவேறிற்று. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் ஒரே எழுத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நிரபராதிகள் ஆனார்கள். ஸ்காட்லாந்து தனிச் சட்டம் செய்துகொண்டது.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் ஊர்ப் பழமொழி. அம்பலத்தில் ஏற்றி வைக்கத்தான் சின்ன மந்திரி என்று ஒரு பதவி இருக்கிறது. பெரிய முதலாளிக்கு மந்திரி வேண்டாம். அவர் பெரிய மந்திரியோடு விருந்து சாப்பிடுவார். எண்ணெய்க் கம்பெனியும் பாங்கும் டெலிபோனை எடுத்தால் காபினெட் மந்திரி பேசுவார். ரொட்டிக் கடைக்காரருக்கு இருப்பது ஒரு தபால் தலையும் ஒரு கடிதமும்தான். அந்தக் கடிதம் போய் விழும் இடம் சின்ன மந்திரியின் சிவப்புப் பெட்டி.

ஒரு நாளில் நூறு கடிதம் வந்தால் நூறையும் படிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். பதில் கடிதத்தின் மேல் மூலக் கடிதத்தையும் குத்தி வைக்கச் சொல்லலாமே! ஒரே மாதிரிக் கடிதம் பத்தாவது தடவை வந்தால் தனியே எடுத்து வைக்கச் சொல்லலாமே! புகார் யார் மேலோ, அவர்களைத் தவிர இன்னொருவரையும் விசாரித்தாயா என்று அதிகாரியைக் கேட்கலாமே! இதற்குப் பணம் செலவில்லை. பிரதம மந்திரிகளும் ஒரு காரியம் செய்யலாம். கட்சிக்குள் சமாதானம் செய்வதற்காகச் சின்ன மந்திரிகளைச் சீட்டுக் கட்டுப் போல் கலைத்துப் போடாமல், ஒருவரை ஓர் இடத்தில் இரண்டு மூன்று வருஷமாவது இருக்க விடலாம். தபால் பொறுப்பில் ஏழு மாதம் இருப்பவர், ஃபைலின் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் வேறு இலாகாவுக்குப் போய்விடுகிறார்.

மறுபடியும் ஒரு புது மந்திரி

விசாரணைக் கமிஷன் தலைவர் சர் வின் வில்லியம்ஸ் 2025 ஜூலை 8ந் தேதி முதல் பகுதி அறிக்கையை வெளியிட்டார். இந்த விவகாரத்தால் குறைந்தது 13 பேராவது உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்று அதில் எழுதியிருக்கிறார். தற்கொலை எண்ணம் வந்ததாகக் கமிஷனிடம் சொன்னவர்கள் 59 பேர். நஷ்ட ஈடு கேட்கத் தகுதி உள்ளவர்கள் சுமார் 10,000 பேர்.

அந்த வருஷம் பாதிக்குள் 100 கோடி பவுனுக்கு மேல் நஷ்ட ஈடு கொடுத்தாகிவிட்டது. ஆனால் அதே வருஷம் மே மாதம், ஆலன் பேட்ஸ் தமக்குக் கொடுக்க முன்வந்த தொகை கேட்டதில் பாதி கூட இல்லை என்று சொன்னார். இப்போது அவர் சர் ஆலன் பேட்ஸ். 2024ல் பட்டம் கொடுத்தார்கள். பட்டம் சீக்கிரம் வந்துவிட்டது, பணம்தான் தாமதம்.

2024 ஜூலையில் ஆட்சி மாறியபோது ஹாலின்ரேக் போய் காரெத் தாமஸ் வந்தார். கமிஷன் அறிக்கையைக் கையில் வாங்கியவர் அவர். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், அவருக்குப் பதிலாக பிளேர் மெக்டூகல் நியமிக்கப்பட்டார். முதல் நாள் ராத்திரி அவர் வீட்டுக்கும் ஒரு சிவப்புப் பெட்டி போயிருக்கும்.